பேர் சொல்லாமல் சொன்ன கதை

2015 செப்டம்பரில் 'டவுன்டன் ஆபி' என்ற பிரிட்டிஷ் டிவி தொடரின் ஆறாவது சீசன், அதாவது கடைசி சீசன், தொடங்கியபோது நாங்கள் இங்கிலாந்தில் இருந்தோம். ஆறு மாத விசாவில் அம்மா வந்திருந்தார். பேரனைப் பார்க்க வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பேரன் அழுதால், "அவனைக் கொஞ்சம் உள்ளே தூக்கிட்டுப் போயேன்" என்பதும் அதே அம்மாதான்.

அதற்கு முந்தைய ஐந்து சீசன்களையும் அம்மா டிவிடியில் பார்த்து முடித்திருந்தார். இங்கிலீஷ் பாதிக்கு மேல் புரியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் கிடையாது. பெரிய வீடு, மூன்று பெண்கள், வாயைத் திறந்தால் தேள் கொட்டுவதுபோலப் பேசும் மாமியார், கீழே சமையலறையில் தனியாக ஒரு அரசியல். இதற்கு எதற்கு இங்கிலீஷ்? பெயர்கள்கூட அவர் வைத்தவைதான். வேலைக்காரர்களில் பேட்ஸ் 'கம்பு வச்சவர்'. பாரோ 'அந்தச் சிகரெட்டு'. புதிதாக வந்த ஹென்றி டால்பட் 'கார்க்காரன்'.

கார்க்காரன் என்றாலே எங்கள் வீட்டில் கலக்கம்தான். 2012 கிறிஸ்துமஸ் இரவில், பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகக் கார் ஓட்டிவந்த மாத்யூவை, மூத்த பெண் மேரியின் கணவனை, சாகடித்தார்கள் இல்லையா, அதை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. அந்த மேரிக்கு இரண்டாவது மாப்பிள்ளையாகக் கார் பந்தயக்காரனையே கொண்டுவந்து நிறுத்தினால்? திரையில் கார் தெரிந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "போயிடுச்சா? போயிடுச்சா?" என்பார். பந்தயம் நடந்த வாரத்தில் ஒரு கார் கவிழ்ந்து எரிந்து, ஹென்றியின் நண்பன் செத்துப்போனான். செத்தது ஹென்றி இல்லை என்று தெரிந்ததும் அம்மா விட்ட பெருமூச்சு கொஞ்சம் அநியாயமாகவே இருந்தது.

மற்றபடி எல்லா ரசிகர்களையும் போல நாங்களும் முணுமுணுத்துக்கொண்டேதான் பார்த்தோம். உள்ளூர் ஆஸ்பத்திரியை யார்க் ஆஸ்பத்திரியோடு சேர்ப்பதா வேண்டாமா என்று வயலட் பாட்டியும் மாத்யூவின் அம்மா இசபெல்லும் வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். "சேர்த்தா சேர்த்துத் தொலைங்களேன்" என்றார் அம்மா. முதல் வாரமே போலீஸ்காரர் வந்து நின்றதும், "இவருக்கும் இந்த வீட்லதான் மாசச் சம்பளமா?" என்று கேட்டார்.

என் கணவர் இதையெல்லாம் பார்ப்பதே இல்லை. கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இன்னும் முடியலையா?" என்று கேட்பதோடு சரி. ஐந்தாவது வாரம், சுகாதார அமைச்சர் நெவில் சேம்பர்லின் விருந்துக்கு வந்த அன்றைக்கென்று பார்த்து, அந்தப் பெண்களின் அப்பா ராபர்ட் வயிற்றுப் புண் வெடித்து வெள்ளை மேசை விரிப்பெல்லாம் ரத்தமாக வாந்தி எடுத்தார். நாங்கள் இருவரும் வீலென்று கத்தினோம். கதவருகில் நின்றவரோ, "நான் மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன், அந்த ஆள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கார்னு!" என்றார். பார்ப்பதே இல்லை, ஆனால் மூன்று வாரமாகக் கவனித்திருக்கிறார். அன்றிலிருந்து சோபாவில் அவருக்கும் ஒரு இடம்.

இங்கேதான் அக்கா வருகிறாள். அக்கா அமெரிக்காவில் இருக்கிறாள். இங்கே கிறிஸ்துமஸ் இரவில் எல்லாம் முடிந்துவிடும். அங்கே ஜனவரியில்தான் தொடங்கி மார்ச்சில் முடியும். அதனால் செப்டம்பரிலேயே வீடியோ அழைப்பில் வந்து சட்டம் போட்டுவிட்டாள். "அம்மா, ஒரு ஸ்பாய்லர் கூடாது. டவுன்டன்னு வாயே திறக்கக் கூடாது. யார் பேரையும் சொல்லக் கூடாது. சரியா?"

"சரிடி. நான் ஏன் பேர் சொல்லப்போறேன்?" என்றார் அம்மா.

மூன்று மாதம் அம்மா அந்த வாக்கைக் காப்பாற்றினார். கிறிஸ்துமஸ் இரவோடு அடக்கம் தீர்ந்துபோனது. மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும், நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அம்மா யாரிடமோ சந்தோஷமாகப் பேசும் குரல் கேட்டது.

"நடுவுலவளுக்குக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுடி!"

அங்கே அப்போது விடியற்காலை நான்கு மணி. அந்த நேரத்தில் ஊரிலிருந்தோ அம்மாவிடமிருந்தோ போன் வந்தால் தூக்கக் கலக்கத்தில் மனசு எங்கே போகும்? எங்கள் சித்திக்கு மூன்று பெண்கள். அக்கா நினைத்தது சித்தியின் நடுப்பெண்ணை.

"எப்போம்மா? எனக்குச் சொல்லவே இல்லையே!" என்றாளாம். (அவள் பக்கத்துப் பேச்சு பின்னால் விசாரணையில் தெரியவந்தது.)

"போன மாசம் நின்னுபோன கல்யாணம்டி. மூத்தவ இருக்காளே, மாப்பிள்ளை முன்னாடியே, காலைச் சாப்பாட்டு நேரத்துல குழந்தை விஷயத்தைப் போட்டு உடைச்சிட்டா."

"எந்தக் குழந்தைம்மா?"

"அதான், எடுத்து வளர்க்கிறதா சொல்லிட்டு இருந்தாங்களே, அது. அவ பெத்ததுதான்."

விதி பாருங்கள், அந்தச் சமயம் சித்தப்பாவின் உறவுக்காரக் குழந்தை ஒன்று சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தது. அக்கா அதன் போட்டோவுக்கு ஹார்ட் எல்லாம் போட்டிருக்கிறாள்.

"அவங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும், பாவம். அவரே சாப்பிட உட்கார்ந்த இடத்துல ரத்த வாந்தி எடுத்து, பிழைச்சதே பெரிசு. இப்போ தேவலை. மூத்தவளும் முழுகாம இருக்கா. விடு, எல்லாம் நல்லதுக்குத்தான். மாப்பிள்ளைக்குத் திடீர்னு பெரிய சொத்து வேற வந்திருக்கு."

நான் ஈரக்கையோடு ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் அம்மா போனை வைத்துவிட்டார். முகத்தில் அத்தனை நிறைவு.

"யாரும்மா?"

"உங்க அக்காதான். அவ சொன்னபடியே ஒரு பேரும் சொல்லலை."

அரை மணி நேரம் கழித்துச் சித்தியின் போன் வந்தது. "அக்கா, உன் பெரிய பொண்ணுக்கு என்ன ஆச்சு? விடியக்காலைல எழுந்து எனக்கு போன் பண்ணி அழறா. 'சித்தி, காலம் மாறிப்போச்சு, குழந்தை விஷயத்துல நாங்க எல்லாரும் உங்க பக்கம்தான், சித்தப்பாவை நல்லாப் பார்த்துக்கோங்க'ன்னு சொல்றா. அவர் இப்பதான் ரெண்டாவது தடவையா சோறு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்!"

சமாதானமாகச் சில நாள் பிடித்தது. டவுன்டனைக் கரைத்துக் குடித்த அக்காவுக்கு தொடரின் நடுப்பெண் எடித்தையும் அவள் குழந்தையையும் அடையாளம் தெரியாமல் போனது எப்படி என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவளுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. அம்மாவோ தன் பக்கத்து நியாயத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. "கெட்ட செய்தின்னா மறைக்கலாம். கல்யாணச் செய்தியை யாராவது மறைப்பாங்களா?"

மார்ச்சில் அக்கா கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு வீடியோவில் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. இத்தனை தெரிந்த பிறகும் எதற்கடி அழுகை என்றால், வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைவரான பட்லர் கார்சனின் கை நடுக்கத்தை அம்மா சொல்லவில்லையாம். அதுவரை வீட்டையே விறைப்பாக நடத்திவந்த மனுஷனால் ஒரு கிளாஸில் ஊற்ற முடியவில்லை. அதைப் பார்த்து எனக்கும்தான் தொண்டை அடைத்தது. அழுகையைத் துடைத்த கையோடு குறையையும் ஆரம்பித்தாள்: எல்லோருக்கும் ஜோடி சேர்த்து, பணிப்பெண் அன்னாவுக்குப் பிரசவம் பார்த்து, பாரோவை பட்லர் ஆக்கி, ஒரேயடியாகச் சர்க்கரைப் பாகு. ஒருத்தரையாவது சாகவிட்டிருக்கலாமாம். யாரை என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிச் சண்டையை மட்டும் சாகவிட்டிருக்கலாம் என்றாள்.

(இறுதி இறுதி என்று நாங்கள் அழுததெல்லாம் வீண். 2019, 2022, 2025 என்று மூன்று சினிமா எடுத்துவிட்டார்கள். அழுத கண்ணீரை யாரிடம் திருப்பிக் கேட்பது?)

சித்திதான் அந்த விஷயத்தை விடவில்லை. "என் பொண்ணுங்களை வச்சு அப்படி என்ன கதைன்னு நானும் பார்க்கிறேன்" என்று முதல் சீசனிலிருந்து தொடங்கிவிட்டார். அம்மா ஊருக்குத் திரும்பிப்போன பிறகு ஒருநாள் சித்தி கேட்டாராம்: "அக்கா, மாத்யூன்னு ஒரு பையன் வர்றானே, தங்கமான பையன். மூத்தவளுக்கு அவனையே முடிச்சிடுவாங்களா?"

"நான் எதுவும் சொல்லமாட்டேன்மா, ஒருதடவை பட்டது போதும்" என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அப்புறம் மனசு கேட்காமல், "அவன் கார் ஓட்டிக்கிட்டு வர்றப்போ மட்டும் நீ எழுந்து உள்ளே போயிடு" என்றாராம்.