ஓலைத் தொப்பிக்காரர்களின் ஆளுநர்

அமெரிக்காவின் ஆட்சியில் இருக்கும் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு நின்றுவிடுகிறார்கள். நான் மலைக்குப் போக ஆசைப்பட்டேன். தலைநகர் சான் ஹுவானில் வாடகைக் கார் எடுத்து, 52ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போய், காயேய் அருகே விலகி, ஐபோனித்தோ வழியாக ஏறினால் பர்ரான்கீத்தாஸ் வரும். சாலை குறுகலானது, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போக வேண்டும். வழியில் குவாவாத்தே பக்கம் முழுப் பன்றியைக் கம்பியில் கோத்துத் தணலில் சுடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மேலே போவது நல்லது.

நான் தேடிப் போனது லூயிஸ் முன்யோஸ் மரீனின் கல்லறையை. இந்தத் தீவின் மக்கள் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் ஆளுநர் அவர். விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் வாழ்க்கை இந்தச் சின்ன மலையூரில்தான் புரிய ஆரம்பிக்கிறது.

ஊருக்கு நடுவே ஒரு மர வீடு. அவருடைய அப்பா லூயிஸ் முன்யோஸ் ரிவேரா பிறந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். அப்பா கவிஞர், பத்திரிகையாளர். 1897இல் ஸ்பெயினிடமிருந்து தீவுக்குத் தன்னாட்சி வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர். மகன் பிறந்தது 1898 பிப்ரவரியில், சான் ஹுவானில். அதே வருடம் ஜூலை 25 அன்று அமெரிக்கப் படை குவானிக்கா கடற்கரையில் இறங்கியது. அப்பா வாங்கிய தன்னாட்சி, மகன் தவழும் வயதைத் தொடுவதற்குள் போய்விட்டது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், அவர் பிற்காலத்தில் செய்த பலவற்றுக்கு ஒரு தொடர்ச்சி தெரிகிறது.

1916இல் அப்பா இறந்தபோது மகனுக்கு 18 வயது. படிப்பை விட்டுவிட்டு நியூயார்க்கில் கவிதையும் கட்டுரையும் எழுதித் திரிந்தார். அமெரிக்கக் கவிஞர் முனா லீயை மணந்தார். சோஷலிசமும் தீவின் விடுதலையும் அப்போது அவருடைய பேச்சாக இருந்தன. ஊருக்குத் திரும்பி 1932இல் தீவின் சட்டமன்ற மேலவையான செனட்டுக்குத் தேர்வானார். பிறகு கட்சித் தலைமையோடு மோதி வெளியேற்றப்பட்டு, 1938இல் ஜனநாயக மக்கள் கட்சியைத் தொடங்கினார். சின்னம், பாவா என்கிற ஓலைத் தொப்பி போட்ட மலைக்குடியானவனின் முகம். முழக்கம், ரொட்டி, நிலம், விடுதலை. மலைக்குடியானவர்களை அங்கே ஹீபரோ என்கிறார்கள்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு ஆகப் பெரிதாகப் படுவது ஆளுநர் பதவி அல்ல, அதற்கு முந்தைய இந்த இரண்டு வருடங்கள்தான். அன்று நல்ல நிலமெல்லாம் கரும்புக் கம்பெனிகளின் கையில். ஒரு கம்பெனி 500 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1900இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் விதித்திருந்தது, ஆனால் நாற்பது வருடம் யாரும் அதைச் சீண்டவில்லை. அறுவடை முடிந்தால் வேலை இல்லை. தேர்தல் வந்தால் கையில் இரண்டு டாலர், அத்தோடு ஓட்டு போயிற்று. முன்யோஸ் மலைப்பாதைகளில் ஏறி இறங்கி, குடிசைத் திண்ணைகளில் உட்கார்ந்து ஒன்றையே சொன்னார்: ஓட்டை விற்காதீர்கள், எனக்குக் கடனாகக் கொடுங்கள். நான் சொன்னதைச் செய்யாவிட்டால் அடுத்த முறை திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவரப்போகும் சட்டங்களுக்கு ஆதரவாக வாக்களிப்போம் என்று தன் வேட்பாளர்களைப் பொதுமேடையில் சத்தியம் செய்யவும் வைத்தார்.

1940இல் செனட் மிகக் குறைந்த பெரும்பான்மையில் கைக்கு வந்தது. அடுத்த வருடமே நிலச் சட்டம். வாஷிங்டன் அனுப்பிய ஆளுநர் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல்லும் துணை நின்றார். ஐநூறு ஏக்கர் வரம்பு கடைசியில் அமலுக்கு வந்தது. பண்ணையாரின் நிலத்து ஓரத்தில் குடிசை போட்டு, போ என்றால் போக வேண்டிய நிலையில் இருந்த குடும்பங்களுக்குச் சொந்தமாக மனை கிடைத்தது.

பர்ரான்கீத்தாஸ் சதுக்கத்தில் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தோம். என்னோடு வந்த தோழிக்கு ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும். அந்தப் பாட்டியின் அப்பாவுக்கு அப்படி ஒரு மனை கிடைத்திருக்கிறது. முன்யோஸின் படம் சாமி படங்களோடு சேர்த்து வீட்டில் மாட்டியிருந்ததாம். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: அண்ணன்மார் எல்லோரும் ஐம்பதுகளில் நியூயார்க் போனவர்கள், யாரும் திரும்பி வரவில்லை.

அந்த இரண்டும் ஒரே ஆட்சியின் கதை. 1948 நவம்பரில் அறுபது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி முன்யோஸ் ஆளுநரானார். தொழில் வளர்ச்சித் திட்டத்தை நடத்திய தியோதோரோ மொஸ்கோஸோவோடு சேர்ந்து, வரிச்சலுகை கொடுத்து அமெரிக்கத் தொழிற்சாலைகளைத் தீவுக்கு இழுத்தார். பள்ளிக்கூடம், மின்சாரம், குடிநீர் எல்லாம் மலைக்கு ஏறின. 1940இல் தீவின் சராசரி ஆயுள் ஐம்பதைக்கூடத் தொடவில்லை, 1960க்குள் எழுபதை நெருங்கிவிட்டது. 1949இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தை விட்டு ஸ்பானிஷ் பயிற்று மொழியானது. அவருடைய இரண்டாவது மனைவி இனேஸ் மென்டோசா ஆசிரியர். முப்பதுகளில் ஸ்பானிஷில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேசியதற்காக வேலையை இழந்தவர். ஆனால் கரும்புக்காட்டில் இருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் ஆலைகளில் இடமில்லை. லட்சக்கணக்கானவர்கள் விமானம் ஏறினார்கள், அரசும் அதற்கு வழி செய்து கொடுத்தது.

பழைய சான் ஹுவானில் நீலக் கல் பாவிய தெருக்களில் நடந்து லா ஃபோர்த்தலேசாவுக்குப் போனோம். பதினாறாம் நூற்றாண்டில் கோட்டையாகக் கட்டியது, இன்றும் ஆளுநர் குடியிருக்கும் மாளிகை. 1950 அக்டோபர் 30 அன்று, தீவுக்கு முழு விடுதலை கேட்ட தேசியவாதிகள் சிலர் காரில் வந்து இதன் வாசலில் சுட ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்த முன்யோஸுக்குக் காயமில்லை. அதே நாளில் மலையூரான ஹயூயாவில் பிளாங்கா கனாலெஸ் தீவின் கொடியை ஏற்றி, குடியரசு என்று அறிவித்தார். தேசியக் காவல் படையின் விமானங்கள் அந்த ஊர் மீது குண்டு போட்டன. தேசியவாதித் தலைவர் பெத்ரோ அல்பீசு காம்போஸ் சிறைக்குப் போனார்.

இங்கே எனக்கு முன்யோஸை மன்னிக்க மனம் வரவில்லை. 1948இல், அவர் செனட் தலைவராக இருந்தபோது, ‘வாய்ப்பூட்டு’ என்றே மக்கள் பெயர் வைத்த 53ஆம் சட்டம் வந்தது. விடுதலைக்காகப் பேசினால், எழுதினால், பாடினால் குற்றம். வீட்டில் தீவின் கொடியை வைத்திருந்தாலே வழக்குப் போட முடிந்தது. இளமையில் இதே விடுதலையைப் பேசியவர் அவர்! பசி முதலில் தீரட்டும், நாட்டின் நிலைமையைப் பிறகு பார்க்கலாம் என்று அவர் மாறியதை என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. பசியை அவர் நேரில் பார்த்திருந்தார். அதற்காக எதிர்த்துப் பேசுகிறவன் வாயைக் கட்டத் தேவையே இல்லை. அந்தச் சட்டம் 1957 வரை இருந்தது.

1952 ஜூலை 25. அமெரிக்கப் படை இறங்கிய அதே தேதியில், புதிய அரசியல் சாசனத்தை அறிவித்து, அதே கொடியை முன்யோஸே ஏற்றினார். அப்பாவின் தன்னாட்சி திரும்பக் கிடைத்துவிட்டதாக அவர் நம்பியிருக்க வேண்டும். ஆனால் வேலைக்கும் கௌரவமான வாழ்க்கைக்குமான உரிமையைச் சொன்ன இருபதாம் பிரிவை அமெரிக்க நாடாளுமன்றம் வெட்டிவிட்டுத்தான் அந்தச் சாசனத்துக்குச் சம்மதித்தது.

மேலும் மூன்று முறை ஜெயித்தார். 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடி அவருக்கு வெள்ளை மாளிகையில் விருந்து வைத்தபோது செல்லோ வாசித்தவர் பாப்லோ கசால்ஸ். கசால்ஸின் அம்மா புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். 1964இல் கட்சியே கெஞ்சியும் முன்யோஸ் மறுபடி நிற்கவில்லை, ராபர்ட்டோ சான்செஸ் விலேயாவுக்கு வழிவிட்டார். அந்த நவம்பரில், நோயாளியாகிவிட்ட அல்பீசுவுக்கு மன்னிப்பு அளித்தார். ஆறு மாதத்துக்குள் அல்பீசு இறந்தார். முன்யோஸ் 1980 ஏப்ரல் 30 அன்று மறைந்தார். சான் ஹுவானிலிருந்து பர்ரான்கீத்தாஸ் வரை சாலையோரமெல்லாம் ஜனம் நின்றது. அப்பாவும் மகனும் ஒரே நினைவகத்தில் இருக்கிறார்கள், இனேஸும் அங்கேதான்.

2016 ஜூனில் இரண்டு விஷயங்கள் நடந்தன. தீவுக்குத் தனி இறையாண்மை இல்லை, அதன் அதிகாரமெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றம் கொடுத்ததுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கடனில் மூழ்கிய தீவின் வரவு செலவைக் கண்காணிக்க, தீவு மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு வாரியம் அமைக்க வாஷிங்டனில் சட்டம் வந்தது. அடுத்த மாதமே, பழைய சான் ஹுவானில் சான் ஹோசே தெருவில், ஒரு பழைய கதவில் தீட்டியிருந்த தீவின் கொடியைச் சிலர் எதிர்ப்பைக் காட்டக் கறுப்பு வெள்ளையாக மாற்றி வரைந்தார்கள்.

சரி, போகிறவர்களுக்கு ஒன்று. த்ருஹியோ ஆல்த்தோவில் முன்யோஸும் இனேஸும் வாழ்ந்த வீடு இப்போது அவர் பெயரிலான அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஆவணக் காப்பகமும் அங்கேயே. அதைப் பார்த்துவிட்டு பர்ரான்கீத்தாஸ் போங்கள். ஆனால் ஹயூயாவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். பிளாங்கா கனாலெஸின் குடும்ப வீட்டை அங்கே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். முன்யோஸைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள்.