காலி நாற்காலியில் எப்போது இடம் மாற்றுவது?

இறந்துபோன அப்பாவிடமோ, பேச்சு நின்றுபோன அக்காவிடமோ சொல்லாமல் விட்டது மனசுக்குள் கிடந்து அரிக்கும். அதற்கு ஆலோசகர்களான நாங்கள் எடுப்பது காலி நாற்காலி முறை: அந்த நபர் எதிரே காலி நாற்காலியில் இருப்பதாக நினைத்து அவரிடமே பேசவைப்பது. இந்த நொடியில் உணர்வதைக் கவனிக்கவைக்கும் கெஸ்டால்ட் தெரபி என்ற உளச்சிகிச்சையில் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் பிரபலப்படுத்தியது. பின்னால் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி கிரீன்பெர்க் குழுவினர் செஷன் பதிவுகளை ஆராய்ந்து, உணர்வுமைய தெரபிக்குள் அதற்குப் படிநிலைகள் வகுத்தார்கள்.

முதல் சந்திப்பிலேயே இதைத் தொடுவதில்லை. ஆலோசகர்மேல் நம்பிக்கை வந்தாக வேண்டும். அந்த நபரைப் பற்றிப் பேசும்போது குரல் கம்மி, உடனே "விடுங்க, பழைய கதை" என்று வாய் மூடிக்கொள்ளும். அதுதான் எங்களுக்கு அடையாளம். எதிரே ஒரு நாற்காலி போட்டு, "அவர் அங்க உட்கார்ந்திருக்கார். முகம் எப்படி இருக்கு? உங்களைப் பார்க்கிறாரா?" என்று கேட்கிறோம். இதில் அவசரப்பட்டால் மீதியெல்லாம் ஒப்புக்குப் பேசுவதாகிவிடும். "அவர் எப்பவுமே அப்படித்தான்" என்று நம்மிடம் சொல்ல ஆரம்பித்தால், "அவர்கிட்டயே சொல்லுங்க" என்று திருப்பிவிட வேண்டும்.

முதலில் வருவது பெரும்பாலும் புலம்பல்தான்: "உங்களுக்கு எப்பவும் தம்பிதான் முக்கியம்." அதில் கோபமும் துக்கமும் பின்னிக் கிடக்கின்றன. சிலருக்கு அழுகை கோபத்தை மூடும். சிலருக்குக் கோபம் அழுகையை. "எதுக்குக் கோபம்?", "எது கிடைக்காமப் போச்சு?" என்று தனித்தனியாகப் பேசவைத்தால்தான் முடிச்சு அவிழும். கண்ணீர் எட்டிப் பார்த்ததுமே டிஷ்யூவை நீட்டி ஆறுதல் சொல்வது அந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிடும்.

இடம் மாற்றுவது, அதாவது கிளையன்டை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து அந்த நபராகவே பேசவைப்பது, அதற்கப்புறம்தான். "அப்போ நீங்க என் பக்கம் நின்னிருக்கணும்" என்று தன் தேவையைக் கிளையன்ட் வாய்விட்டுச் சொல்லும்வரை நாங்கள் பொறுத்திருக்கிறோம். அதற்கு முன்பே மாற்றினால் எதிர் நாற்காலியிலிருந்து பழைய திட்டுதான் மறுபடி வரும். கிளையன்ட் இன்னும் சுருங்கிப்போவார். தேவை வெளிப்பட்ட பிறகு மாற்றினால் சில சமயம் எதிர்க்குரல் இளகும். இளகாவிட்டாலும் பரவாயில்லை. "தப்பு உங்களோடது, அதை நான் சுமக்க மாட்டேன்" என்று நிமிர்வதும் தீர்வுதான். மன்னிப்பைத் திணிக்கவே கூடாது. எதிர் நாற்காலிக்குப் போனவர் தன் இடத்துக்குத் திரும்பி வந்துதான் முடிக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் கிளறுவதில்லை.

வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம் கதையே வேறு. கொடுமை செய்தவரை ஆரம்பத்திலேயே எதிரில் உட்காரவைத்தால் பயத்தில் உறைந்துபோவார்கள். அவர்கள் முதலில் எங்களிடமே சொல்லட்டும். அந்த ஆளின் நாற்காலியில் அவர்களை நாங்கள் உட்காரவைப்பதில்லை. பார்வை வெறித்தால் அந்த நொடியே நிறுத்தி, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் பெயர் சொல்லவைக்கிறோம்.