17 வயது வித்தியாசம், 4 மாத அலைச்சல்

"ஏம்மா, மாப்பிள்ளை வயசு கேட்ட இடத்துல அப்பா வயசை எழுதி வெச்சிருக்கீங்க?" எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் கல்யாணப் படிவத்தை வாங்கிப் பார்த்ததும் உபதேசியார் கேட்ட முதல் கேள்வி இது. பக்கத்தில் பூசைக் கருத்து எழுத வந்த இரண்டு பாட்டிகள் நின்றிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

எனக்கு 29. அவருக்கு 46. நான் தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மனைவி இறந்து ஐந்து வருஷம், 14 வயதில் ஒரு மகள். தரகர் யாரும் இல்லை, அவரே நேராகக் கேட்டார். எனக்கும் பிடித்திருந்தது. வீட்டில் அம்மா அழுதார். அப்பா, "கோயில்ல பெரியவங்க என்ன சொல்றாங்களோ அதைக் கேட்டு நட" என்று முடித்துக்கொண்டார். சரி, கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அங்கே ஆரம்பித்தது வினை.

அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்தில், மெதுவாகப் பேச்சை எடுத்தேன். உடனே ஒரு அக்கா, "சூசையப்பரே தாடி வெச்ச தாத்தாதானே, மாதாவுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார். இன்னொருவர் விவிலியத்தில் வயதில் மூத்தவரைக் கட்டிக்கொண்ட ரூத்தையும் அவர் கணவர் போவாசையும் இழுத்தார். எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. என் மாமா, "நம்பிக்கை கொண்டிராதவரோட ஒரே நுகத்துல பிணையக் கூடாதுன்னு பவுல் எழுதியிருக்கார்" என்று அடித்துப் பேசினார். 2 கொரிந்தியர் 6:14 பேசுவது நம்பிக்கையைப் பற்றி, வயதைப் பற்றி அல்ல. இவரோ ஞாயிறு பூசை தவறாதவர். மாமாதான் கிறிஸ்துமசுக்கும் பாஸ்காவுக்கும் (ஈஸ்டர்) மட்டும் கோயில் பக்கம் வருகிறவர். அதைச் சொல்ல வாயெடுத்து, அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது கிருஷ்ணகிரிப் பயணம். அங்கே ஒருவர் குடும்ப ஆலோசனை நன்றாகச் சொல்வார் என்று கூட வேலை பார்க்கும் பெண் சொன்னாள். நைட் டூட்டி முடித்து, தூங்காமல் பஸ் ஏறிப் போனால் ஆள் ஊரிலேயே இல்லை. "சனிக்கிழமைன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டதற்கு, "அடுத்த சனிக்கிழமை" என்றாள் வாசலில் இருந்த பெண். அடுத்த சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரம் அப்பாவிடமே பேசினார். எத்தனை பவுன், சொந்த வீடு இருக்கிறதா, மாப்பிள்ளைக்கு முதல் தாரத்தில் ஆண் பிள்ளை உண்டா, இதெல்லாம்தான் விசாரணை. கடைசியில் என் தலையில் கை வைத்து, "ஆண்டவர் இதைச் சித்தம்னு சொல்றார்" என்றார். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காணிக்கை உறை மட்டும் என் பக்கம் நீண்டது. போவதற்கு முன்னால் போன் பண்ணி நாளை உறுதி செய்துகொள்ளுங்கள், அதைவிட முக்கியமாக ஆலோசனைக்குத் தனியாகப் போங்கள்.

கடைசியில் உதவியது, நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது தலைமையாசிரியராக இருந்த சிஸ்டர். ஓய்வு பெற்று மடத்தில்தான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், அதனால் என் ரகசியத்தையெல்லாம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முழுதாகக் கேட்டுவிட்டு, முதலில் சூசையப்பரைத்தான் மீட்டார். "நாலு நற்செய்தியிலயும் அவர் வயசு எங்கேயும் இல்ல. பிள்ளைகுட்டியோட இருந்த வயசான விதவர்ங்கிறது இரண்டாம் நூற்றாண்டுல வந்த, விவிலியத்துல சேராத ஒரு புத்தகத்துக் கதை. படம் வரையறவங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்றார். போவாசு மூத்தவர்தான், ரூத்தை "மகளே" என்று கூப்பிடுகிறார், இளைஞர் பின்னால் போகவில்லையே என்று வாழ்த்துகிறார். ஆனால் களத்துக்குப் போய், தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டது ரூத்து. ஆபிரகாமுக்கும் சாராவுக்கும் பத்து வருஷம்தான். "இத்தனை வயசு வரைக்கும் சரி, அதுக்கு மேல பாவம்னு விவிலியத்துல ஒரு வரி கிடையாது பாப்பா. ஈசாக்கைக் கட்டிக்கிட்ட ரெபேக்காவைப் பாரு. வீட்டார் எல்லாம் பேசி முடிச்ச பிறகும், 'இவரோட போறியா?'ன்னு அவளைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. உன்னை யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டார். நான், அவர், மகள். "லூக்கா 14-ல கோபுரம் கட்டப் போறவன் முதல்ல உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான்ல, அதைப் பண்ணு" என்று பேனாவை என் கையில் கொடுத்தார். எழுதினேன். எனக்கு 41 ஆகும்போது அவருக்கு 58, ஆலையில் ஓய்வு. அடுத்த வருஷமே குழந்தை பிறந்தால்கூட அன்றைக்கு அதற்கு 11 வயது. எனக்கு 60 என்றால் அவருக்கு 77. அந்த வரியை எழுதும்போது எங்கள் டயாலிசிஸ் வார்டுதான் கண்ணில் வந்தது. கணவரின் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள். மூன்றாவது கட்டம்தான் என்னை அதிகம் உலுக்கியது. அவருக்கும் எனக்கும் 17 வருஷம், எனக்கும் அவர் மகளுக்கும் 15. வயதில் நான் அவளுக்குத்தான் பக்கம்.

கடைசியாக சிஸ்டர் கேட்டது: "அவர்கிட்ட எதுக்காவது 'மாட்டேன்'னு சொல்லியிருக்கியா? சொன்னப்போ என்ன பண்ணினார்?" யோசித்துப் பார்த்தேன். ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் பெரியவர், நிதானமானவர், எல்லாம் தெரிந்தவர். நான் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அந்த வாரமே கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் அவரைச் சந்தித்தேன். என் கேள்விகளை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தாளை வாங்கியவர் சட்டைப்பையைத் தடவிப் படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. கடன் எவ்வளவு என்பதற்கு அங்கேயே பதில் சொன்னார். முதல் மனைவியின் நகை மகளுக்கு என்று எழுதி வைக்கவும் சம்மதித்தார். சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும் என்றேன், நர்ஸ் புத்தி. அடுத்த வாரம் கொண்டுவந்த தாளில் மூன்று மாதச் சராசரி 8.2 இருந்தது. நல்ல எண் இல்லை. ஆனால் மறைக்காமல் நீட்டினார்.

அன்று பூங்காவில் கடைசியில்தான் சொன்னேன், கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட மாட்டேன் என்று. நான் விட்டுவிடுவேன் என்று அவர் பாட்டுக்கு முடிவு பண்ணி வைத்திருந்தார். பொரித்த மீன் ஆறிப்போய்க் கிடந்தது. "உனக்கு இப்போ புரியாது" என்றார். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் போன் இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். "உன்னைக் கேட்காமலே உன் வேலையைப் பத்தி முடிவு பண்ணியிருக்கேன். புரியாதுன்னு சொன்னதும் தப்பு. அந்த வார்த்தையை இனிமே சொல்ல மாட்டேன்" என்றார். மகள் அடுத்த வருஷம் பத்தாவது, வீட்டை மாற்ற முடியாது. அதனால் நான் பகல் டூட்டிக்கு மாறி, கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து போவது என்று ஏற்பாடு. அந்த வார்த்தை அதற்கப்புறம் ஒருமுறை வாய் தவறி வந்தது, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

முடிவு எடுத்த பிறகு காகித அலைச்சல். பழைய திருமுழுக்கு (ஞானஸ்நான) சான்றிதழ் லேமினேட் பண்ணி வீட்டில் இருக்கிறது, அதைக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்களிடம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததுதான் வேண்டும் என்றார்கள். விதவர் என்றால் முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழும் வேண்டும். அதில் பெயரில் ஓர் எழுத்து, கோயில் திருமணப் பதிவேட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவருக்கு இரண்டு நாள் லீவும் மூன்று அலுவலகமும் ஆயின. முதலிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும். பாஸ்காவுக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலம் குறுக்கே வந்ததில் கல்யாணத் தேதியும் பாஸ்காவுக்கு அப்புறம் தள்ளிப்போனது. திருமண முன்தயாரிப்பு வகுப்பு ஒழுங்காக முடிந்தது, எங்கள் பெஞ்சில்தான் நரை இருந்தது.

திருமண விசாரணைக்குப் பங்குத்தந்தை எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். அப்பா கூட வர எழுந்தார், "நீங்க வெளியே இருங்க" என்று கதவைச் சாத்தினார் சாமியார். "யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? உன் முழு மனசோடதானா?" சிஸ்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், திருமணத்தை உண்டாக்குவது இரண்டு பேரின் சம்மதம், அதை வேறு யாரும் நமக்காகக் கொடுக்க முடியாது, திருச்சபைச் சட்டம் 1057 அதைத்தான் சொல்கிறது என்று. நாலு மாதமாக எல்லாரும் பேசினார்களே தவிர, அந்தக் கேள்வியை முறைப்படி என்னிடம் கேட்டவர் இவர்தான். "என் முழு மனசோட, சாமி" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது, வெளியே அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

போன ஞாயிறு பூசையில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். பேர், பெற்றோர் பேர், ஊர், அவ்வளவுதான். வயதை வாசிக்கவில்லை. அந்த இரண்டு பாட்டிகளும் திரும்பிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பூசை முடிந்து அவர் மகள் போன் பண்ணினாள். "அம்மான்னு கூப்பிட மாட்டேன்" என்றாள். வேண்டாம் என்றேன். சித்தி என்ற வார்த்தை இருவருக்குமே பிடிக்கவில்லை. "அக்கான்னா அப்பாவுக்கு ஒரு மாதிரி இருக்குமாம்" என்று சிரித்தாள். இருந்தால் இருக்கட்டும், இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது, அதற்குள் அவளே யோசித்துச் சொல்வதாகப் பேச்சு.