கோட்டை இல்லாத பாஸ்டில்
நேத்து ரிகர்சல்ல ஒரு பையன் "நான் எங்க நிக்கணும் சார்?"னு கேட்டதும் எனக்கு பிரெஞ்சு நாடக டைரக்டர் அரியான் முனூஷ்கின் ஞாபகம்தான் வந்துச்சு. 1970ல அவங்க குரூப் தியேட்டர் டு சொலேய் பிரெஞ்சுப் புரட்சி பத்தின '1789' நாடகம் பண்ணப்போ கையில ரெடிமேட் ஸ்கிரிப்ட் கிடையாது, நடிகர்களே சின்னச் சின்ன குரூப்பா இம்ப்ரொவைஸ் பண்ணி அதுல தேறினதுதான் நாடகம். புரட்சில ஜனங்க பாரிஸ்ல இருந்த பாஸ்டில் சிறைக்கோட்டைய பிடிக்கிற சீன்ல கோட்டை செட்டெல்லாம் இல்ல, நடிகர்கள் பார்வையாளர் கூட்டத்துக்குள்ள இறங்கி நாலு பேர கிட்ட கூப்பிட்டு ரகசியம் மாதிரி அந்தக் கதைய ஆரம்பிப்பாங்க, எல்லா மூலையிலயும் ஒரே நேரத்துல, குரல் ஏறி ஏறி கடைசில அரங்கமே திருவிழா. டைரக்டர் தனியா ரூம்ல உக்காந்து யோசிச்சா இது வருமா? சம்பளம்கூட அங்க எல்லாருக்கும் ஒண்ணுதான் (இங்க சொன்னா அடிக்க வருவாங்க). பையன்கிட்ட "நீயே நின்னு பாருடா"ன்னேன். திருதிருன்னு முழிச்சான்.