எழுபது வளைவும் மூன்று வழிகாட்டிகளும்

பைக்கில் போகிறவனுக்கு எந்த ஜிபிஎஸ் நல்லது என்று மைத்துனருக்கும் சித்தப்பா மகனுக்கும் தீபாவளியன்று தொடங்கிய வழக்கு ஆடி பிறந்தும் முடியவில்லை. ஓட்டியே பார்த்துவிடலாம் என்று கொல்லிமலைக்குக் கிளம்பினோம். 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. சாட்சி சொல்ல அதைவிட யார் வேண்டும்?

மைத்துனரிடம் பைக்குக்கென்றே செய்த ஜிபிஎஸ் கருவி, கார்மின் ஜூமோ எக்ஸ்டி. ஐந்தரை அங்குலத் திரை. வெயிலிலும் பளிச்சென்று தெரியும், கையுறையோடு தொட்டாலும் கேட்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாதாம். யாரை அப்படி முக்கி எடுக்கப் போகிறார் என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை. சித்தப்பா மகனான தம்பியின் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 பைக்கில் ட்ரிப்பர் என்ற வழிகாட்டி: சின்ன வட்டம், உள்ளே ஓர் அம்புக்குறி, திரும்ப இன்னும் எவ்வளவு தூரம் என்று ஓர் எண். சட்டைப் பையில் இருக்கும் கைபேசி ப்ளூடூத் வழியே சொல்லிக் கொடுத்தால்தான் அது வழி காட்டும்.

என்னிடம் வெறும் கைபேசி, ஹேண்டில்பாரில் ஒரு ஹோல்டர்.

"மாமா, வண்டி அதிர்வில் கேமரா போய்விடும்" என்று மைத்துனர் பயமுறுத்தினார். பொய்யில்லை. சக்தி வாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எச்சரித்தது. என்னுடையது ஐபோனும் இல்லை, வண்டியும் வெறும் 100 சிசி என்பதில் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெருமைப்பட்டேன்.

சேந்தமங்கலம் வரை வெயில். கைபேசி சூடேறித் திரையை மங்கலாக்கிக்கொண்டது. காரவல்லி அடிவாரம் தாண்டியதும் தூறல். ஒரு துளி விழுந்தால் படம் பெரிதாகும், அடுத்த துளிக்குச் சிறிதாகும். இன்னொரு துளி பக்கத்திலிருக்கும் பெட்ரோல் பங்குகளைத் தேடத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி, கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு, மூக்கால் தொட முயன்றேன். ஹெல்மெட் விடவில்லை. பலகை 38/70 என்றபோது என் அம்புக்குறி மேல் வளைவில் ஏறிப் போயிருந்தது. சாலை மடிந்து மடிந்து ஏறும் இடத்தில் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகினாலே போதும், கீழ்ச்சாலையில் இருப்பவன் படத்தில் மேல்சாலைக்குப் போய்விடுவான்.

மைத்துனரின் கருவி மழையைச் சட்டை செய்யவில்லை. அவர்தான் வளைவுக்கு வளைவு நிறுத்திப் பலகையையும் திரையையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வளைவும் மேடும் மிகுந்த பாதையாகத் தேடித் தரும் 'சாகச வழி' வசதியையும் போட்டுப் பார்த்தாராம். 70 வளைவு போதாதவருக்கு எந்தச் செயற்கைக்கோள்தான் என்ன செய்யும்?

எனக்கு ட்ரிப்பர்தான் பிடித்தது. பார்க்க அதில் ஒன்றுமே இல்லாததால் கண் சாலையிலேயே இருக்கும். இதைச் சொல்லித் தம்பியைப் பாராட்டியபோது, பாதி மலையிலேயே தன் கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றான்.

"அப்புறம் எப்படியடா வழி தெரிந்தது?"

"மேலே போக இருப்பது ஒரே சாலைதானே, அண்ணா!"

மலைமேல் செம்மேட்டில் நாங்கள் இரண்டாவது டீயை முடித்தபோதுதான் மைத்துனர் வந்து சேர்ந்தார். வந்ததும் கேட்டார், "உங்களுக்கு வழியில் ஏதாவது சிரமமா, மாமா?"