அப்பாவின் எம்ஆர்ஐயும் கெண்டைக்கால் சில்லும்

அப்பா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்தவர். 2002-ல், பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்ரம் சமயம், ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைக்கும்போது ஒன்று வெடித்து ஆளைத் தூக்கிப் போட்டது. பெரிய காயமில்லை என்று இரண்டே நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார். இந்த மறதியும் சுள்ளென்ற கோபமும் நாலைந்து வருடமாகத்தான். பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இரண்டு முறை நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் கிளம்பினோம்.

ஈசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டு, அவர்களுடைய பாலிகிளினிக், ரெஃபரல் சீட்டு எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தவர் சிடி ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “நார்மல். வயசாகுதில்ல சார்” என்று அனுப்பிவிட்டார். லேசான அடியில் நரம்பிழைகள் இழுபட்டு நைந்துபோவது சிடியில் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. எம்ஆர்ஐ வேண்டும். அதிலும் பழைய நுண்கசிவைக் காட்டும் எஸ்டபிள்யூஐ வகையைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு அதை எழுதியவர் இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர்.

எம்ஆர்ஐ அன்றுதான் கூத்து. உடை மாற்றி உட்கார்ந்தாயிற்று. “உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?” என்றார் டெக்னீஷியன். நான் இல்லை என்று தலையாட்ட, அப்பா சாவகாசமாக, “கெண்டைக்கால்ல ஒரு சில்லு இருக்கு, எடுக்கவே இல்ல” என்றார். எனக்கே புதுச் செய்தி! காந்தம் அதை அசைத்துவிட்டால்? எக்ஸ்ரே பார்க்காமல் உள்ளே விட மாட்டார்கள். எக்ஸ்ரேயோ சீட்டில் இல்லை. கவுண்டரில் இருந்தவர் நிமிராமலே, “பாலிகிளினிக்ல எழுதி வாங்கிட்டு வாங்க” என்றார். லீவும் ஆட்டோ காசும் போச்சு. பட்டாளத்துக்காரரைக் கூட்டிப்போகிறவர்கள் இந்தக் கேள்வியை வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம் படம் எடுத்தார்கள். முன்மூளையில் ஐந்தாறு கரும்புள்ளிகள், பழைய நுண்கசிவின் தடம். ரத்தக்கொதிப்பாலும் புள்ளி விழும், ஆனால் அது பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும், இவருக்கு மேற்பரப்பை ஒட்டி இருக்கிறது என்றார் டாக்டர். வெடிதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தார் என்று கேட்டார். அரை மணிக்குள் என்றால்தான் ‘லேசான அடி’ கணக்கில் வருமாம். அப்பா விழித்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அம்மா பையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து நீட்டினார். மடிப்பில் கிழிந்திருந்தது. “பத்து நிமிஷம் மண்ணுல கிடந்தேன்னு கூட இருந்தவன் சொல்றான். காது இன்னும் ஙொய்ங்குது. நீ பயப்படாதே.”

டாக்டர் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்தார். அப்பா அதை வாங்கி மெதுவாகப் படித்துவிட்டு, “கையெழுத்து நல்லாத்தான் இருந்திருக்கு” என்றார்.