கவினுக்கு வைரஸ் இருக்கிறதா என்று தேடிய எட்டு மாதம்

என் மகனை இங்கே கவின் என்று சொல்கிறேன், அது அவனுடைய நிஜப் பெயர் இல்லை. திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அவனுக்கு மூன்று வயது முடிந்த மாதம், ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. அந்தக் காய்ச்சலால்தானே இப்படி ஆச்சு?

பதினேழாவது மாதத்தில் அவனுக்கு மூன்று நாள் கடுமையான காய்ச்சல் அடித்தது. நாலாம் நாள் சூடு இறங்கியது, இறங்கின கையோடு நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்னதாகச் சிவந்து தடித்தது. அத்தை பார்த்துவிட்டு, "அம்மை பாத்திருக்கு, யாரும் தாளிக்கக் கூடாது" என்று வாசலில் வேப்பிலை செருகினார். இரண்டு நாளில் தடிப்பு மறைந்துவிட்டது. ஆனால் அதற்கு அப்புறம் வந்த வாரங்களில் அவன் சொல்லிக்கொண்டிருந்த 'காக்கா', 'பூ', 'தா' மூன்றும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 'அம்மா' கடைசியாகப் போனது. இதைப் பார்த்த ஒரு தாய்க்கு, காய்ச்சலுக்கும் பேச்சுக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொன்னாலும் மனசு கேட்காது. எனக்கும் கேட்கவில்லை.

தெரபிக்குக் காத்திருக்கும் வராந்தாவில்தான் இந்தத் தேடல் ஆரம்பித்தது. ஒரு அக்கா தன் மகளுக்கு வைரஸ் டெஸ்ட் எடுத்ததாகவும், ரத்தத்தில் நாலு வைரஸ் வந்ததாகவும், அதற்கு மாத்திரை கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் பேசி, அடுத்த வாரம் மதுரையில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். ரத்தம் எடுக்க இரண்டு பேர் அவனைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. டெஸ்டுக்கு மட்டும் ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது. அந்தப் பணத்தைப் புரட்ட இரண்டு மாதம் தெரபியை நிறுத்தினோம். இந்த எட்டு மாதத்தில் நான் வருத்தப்படுவது இது ஒன்றுக்குத்தான்.

ரிப்போர்ட் வந்தது. சிஎம்வி என்ற வைரஸுக்கு ஐஜிஜி பாசிட்டிவ். ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் ஐஜிஜி பாசிட்டிவ். ருபெல்லா என்ற ஜெர்மன் அம்மை, தட்டம்மை இரண்டுக்கும் ஐஜிஜி பாசிட்டிவ். ஐஜிஎம் என்று இருந்த இடத்திலெல்லாம் நெகட்டிவ். பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் இருந்தவை மட்டும்தான் என் கண்ணில் பட்டன. கிளினிக்கில் இருந்தவர், "வைரஸ் மூளையில் ஒளிஞ்சிருக்கு, ஆறு மாசம் மாத்திரை கொடுத்தா வெளியே வந்துரும்" என்று சொல்லி வாலாசைக்ளோவிர் எழுதினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை. ஒருவழியாகக் காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி.

மாத்திரை வாங்கி வந்து சாமி அலமாரியில் வைத்தோம். நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கலாம் என்று அத்தை சொன்னார். அந்த நாலு நாள் இடைவெளியில் வீட்டுக்காரர்தான், "ஆறு மாசம் கொடுக்கப் போற மருந்து, நரம்பு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றார். குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் எல்லாக் காகிதங்களையும் கொண்டுபோனோம்.

அவர் ரிப்போர்ட்டை நிதானமாக முழுக்கப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நெத்தியில தழும்பு இருக்கே, அம்மை போட்டதாம்மா?"

"ஆமா சார், நாலாப்பு படிக்கும்போது."

"இப்ப உங்களுக்கு அம்மை இருக்கா?"

இல்லை என்றேன். "ஐஜிஜி அந்தத் தழும்பு மாதிரிம்மா. எப்பவோ வந்து போனதுக்கு உடம்பு வச்சிருக்கிற அடையாளம். தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் பாசிட்டிவ்னா, நீங்க போட்ட எம்.ஆர். ஊசி வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். புதுசா இப்ப ஏதாவது வந்திருந்தா ஐஜிஎம் காட்டும். அது நெகட்டிவா இருக்கு." சிஎம்வி நம் நாட்டில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாசிட்டிவாகத்தான் இருக்கும், என் ரத்தத்தை எடுத்தாலும் வரும், அவருடைய ரத்தத்திலும் வரும் என்றார். ஹெர்பிஸ் வகை வைரஸ்கள் ஒருமுறை வந்தால் உடம்பிலேயே தூங்கிக் கிடக்கும். வாலாசைக்ளோவிர் அது பெருகும்போது தடுக்கும், தூங்குவதைத் தொடாது. அதோடு, போதுமான தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு அந்த மருந்தால் சிறுநீரகத்தில் சிக்கல் வரலாம். கவின் அப்போது ஒரு குறிப்பிட்ட நீல டம்ளரில் மட்டும்தான் தண்ணீர் குடிப்பான், வெளியில் போனால் அதுவும் இல்லை. அந்த ஒரு காரணமே எனக்குப் போதுமாக இருந்தது.

அவர் எங்கள் சந்தேகத்தைத் தள்ளிவிடவில்லை. அதனால்தான் அவரை நம்பினேன். வைரஸுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை. கர்ப்பத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா விஷயத்தில் தொடர்பு ரொம்ப காலமாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 1964இல் ருபெல்லா பெரிதாகப் பரவியபோது வயிற்றிலேயே அது தாக்கிய 243 குழந்தைகளை ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் தொடர்ந்து பார்த்தார். அவர்களில் 18 பேரிடம் ஆட்டிசம் முழுமையாகவோ ஓரளவுக்கோ இருந்ததாக 1971இல் எழுதினார். வயிற்றிலேயே சிஎம்வி தாக்கிய குழந்தைகளிடமும் ஆட்டிசம் பார்க்கிறார்கள். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்து பேச்சையும் பழக்கங்களையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. ஆனால் அது வலிப்பு, நினைவு தப்புதல் என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி வரும், அன்றைக்கே ஊசி மூலம் மருந்து ஏற்ற வேண்டும். இரண்டு வருஷம் கழித்து மாத்திரை கொடுக்கிற விஷயம் இல்லை.

அப்புறம் அவர் என்னைக் கேட்ட கேள்விகள்தான் உண்மையான தேடல். கர்ப்பத்தில் காய்ச்சலோடு தடிப்பு வந்ததா? பிறந்த எடை என்ன? மஞ்சள் காமாலை எத்தனை நாள் இருந்தது? பிறந்தவுடன் காது சோதனை செய்தார்களா? டேப் எடுத்துக் கவினின் தலையைச் சுற்றி அளந்து அட்டையில் புள்ளி வைத்தார், சரியாக இருந்தது. பிறவி சிஎம்வியா என்று கண்டுபிடிக்கப் பிறந்த 21 நாளுக்குள் சிறுநீரோ எச்சிலோ எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பிறகு வந்தால், வயிற்றிலிருந்தே வந்ததா வெளியில் தொற்றியதா என்று பிரிக்க முடியாது. எங்களுக்கு அந்த 21 நாள் எப்போதோ முடிந்திருந்தது. கேட்டதும் நெஞ்சு கனத்தது. "தடயம் விட்டுப் போயிருந்தா இப்பவும் தெரியும், அதைத் தேடுவோம்" என்று சொல்லி மூன்று சோதனை எழுதினார். காது, கண், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி. மூளை ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

காதுக்குப் பெரா டெஸ்ட் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் எடுத்தோம். சிஎம்வியால் வரும் காது கேளாமை பிறந்தபோது இல்லாமல் பின்னாலும் வரலாம் என்பதால் இதுதான் முதலில். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று வந்தது. மூன்றரை வயது வரை இந்தச் சோதனையை யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது என்று இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

கண்ணுக்கு அண்ணா நகர் அரவிந்துக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, பின்னால் விழித்திரையில் தழும்பு இருக்கிறதா, கண்புரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். ருபெல்லா வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் என்பதை 1941இல் முதலில் சொன்னவரே நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர்தானாம். கண்புரையோடு வந்த பச்சைக் குழந்தைகளின் தாய்மாரிடம் அவர் பேசித்தான் அது வெளியே வந்தது. கவினின் கண் தெளிவாக இருந்தது.

இஇஜிதான் பெரும்பாடு. தூங்கும்போது எடுக்க வேண்டும், அதனால் முந்தின ராத்திரி இரண்டு மணிக்கே எழுப்பிவிட்டு காலை வரை கண்ணயர விடக் கூடாது. மதுரையில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். எழுப்பி அரை மணி நேரத்தில் அவன் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான். வீட்டுக்காரர் பைக்கை எடுத்து, அவனை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விட்டார். மூட்டை மூட்டையாக மல்லிகை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கத்தல், விளக்கு வெளிச்சம், ஈரத் தரை. அவன் பயப்படுவான் என்று நினைத்தேன். ஒரு வியாபாரி விரித்திருந்த குவியலில் முழங்கை வரைக்கும் இரண்டு கையையும் விட்டான். அப்படியே நின்றான். மொட்டுகள் விரலிடுக்கில் நழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பதறி இழுக்கப் போனேன். "விடு தாயி, பிள்ளைதான" என்றார் அந்த அண்ணன். முக்கால் மணி நேரம் அவன் அங்கேயே இருந்தான். காலையில் தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டும்போது அவன் அசந்து தூங்கிவிட்டான், கையில் மல்லி வாசம். இஇஜியில் வலிப்புக்கான அறிகுறி எதுவும் இல்லை.

எல்லாம் சரி, அந்தக் காய்ச்சல்? மூன்று நாள் காய்ச்சல், இறங்கியதும் தடிப்பு என்றால் அது பெரும்பாலும் ரோசியோலா, இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் தொடும் வைரஸ் என்றார் டாக்டர். "வீட்டில பழைய வீடியோ இருந்தா, காய்ச்சலுக்கு முன்னால உள்ளதைத் தேடிப் பாருங்க" என்று ஒரு வேலையும் கொடுத்தார்.

அழகர்கோவிலில் அவனுக்கு மொட்டை எடுத்துக் காது குத்திய வீடியோ கிடைத்தது. அப்போது அவனுக்குப் பதினோரு மாதம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா கூப்பிடுகிறார், நான் கூப்பிடுகிறேன், அத்தை கிலுக்கை ஆட்டுகிறார். அவன் மேலே தொங்கும் மணியை மட்டுமே பார்க்கிறான். ஏழு தடவை அவன் பெயர் கேட்கிறது, ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம், "சாமி மணியைத்தான் பாக்குறான்" என்று என் குரலே கேட்கிறது. அந்த வீடியோவை ராத்திரி ஒரு மணி வரை திரும்பத் திரும்ப ஓட்டினேன். காய்ச்சலுக்கு ஆறு மாதம் முன்னால் எடுத்தது அது.

தடுப்பூசி அட்டையையும் எடுத்து நாள் பார்த்தேன். எம்.ஆர். இரண்டாவது ஊசி போட்டது பதினாறாவது மாதம் என்பதால் அந்தச் சந்தேகமும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. 2017இல் தமிழ்நாட்டில் பள்ளிகளில் எம்.ஆர். ஊசி போட்டபோது வாட்ஸாப்பில் வந்த பயமெல்லாம் மனசில் எங்கேயோ தங்கியிருந்தது. ஊசியால் ஆட்டிசம் என்ற பேச்சைக் கிளப்பிய 1998ஆம் வருஷத்துக் கட்டுரை வெறும் 12 பிள்ளைகளைப் பற்றியது, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல் பார்த்து, தொடர்பு இல்லை என்று 2019இல் சொன்னார்கள். என்னை அசைத்தது இந்தக் கணக்குகளை விட அந்தப் பதினோரு மாத வீடியோதான். அந்த இரண்டாவது ஊசிக்கும் அது முந்தியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அலைச்சலின் நடுவில் கவினுக்கு ஒரு முறை சளிக்காய்ச்சல் வந்தது. அந்த இரண்டு நாளும் அவன் என் மடியில் வந்து படுத்து என் முகத்தையே பார்த்தான், தாடையைத் தொட்டான். காய்ச்சல் போனதும் அதுவும் போய்விட்டது. இதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று தயங்கித்தான் டாக்டரிடம் சொன்னேன். பல பெற்றோர் இதையே சொல்கிறார்கள், அமெரிக்காவில் 30 பிள்ளைகளைக் காய்ச்சலின்போது கவனித்து 2007இல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது என்றார். வைத்தியமாகச் செய்ய அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் பார்த்தது கற்பனை இல்லை என்று தெரிந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

சாமி அலமாரியில் இருந்த மாத்திரைகளை மெடிக்கலில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. தெரபி மறுபடி ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் நான் மறுபடி உண்டானேன். முதல் மாதமே அந்த டாக்டரிடம் போய் நின்றேன். எனக்கு ருபெல்லா எதிர்ப்பு இருப்பதை ரத்தம் எடுத்து உறுதி செய்தார்கள். சிஎம்வி சின்னப் பிள்ளைகளின் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும் என்பதால், கவின் தட்டில் மிச்சம் வைத்த சோற்றை நான் சாப்பிடக் கூடாது, அவனுக்குக் கால் கழுவிவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்றார்கள். பிள்ளை வைத்த மிச்சத்தை வழித்துச் சாப்பிடாமல் எழுந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அம்மாக்களுக்குப் புரியும். மகள் பிறந்த மூன்றாம் நாளே காது சோதனை கேட்டு வாங்கினேன். தேறிவிட்டாள். தேறாவிட்டால்தான் 21 நாளுக்குள் சிறுநீர் எடுக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தேன், அதற்கு வேலை வரவில்லை.

ஒன்பதாம் மாதம் எம்.ஆர். ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அத்தையும் வந்தார். அவர்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சலும் தடிப்பும் வரலாம், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொன்னார். எட்டாம் நாள் உடம்பு சுட்டது. நான் பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுத்தேன். அத்தை தொட்டிலின் தலைமாட்டில் ஒரு கொத்து வேப்பிலை செருகினார். மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை. கவின் அந்த வேப்பிலையை ஒவ்வொன்றாக உருவித் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.